கடல் சூடானால் பாசி என்ன செய்யும்? – வாசகர் கேள்வி பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோடைக்கடலும் கடற்பாசியும் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் அளவில்.

கேள்வி: வடகடலில் (பாக் விரிகுடாவில்) மூங்கில் மிதவை போட்டுப் பாசி வளர்க்கிறோம். சித்திரை பிறந்தால் கிளைகள் இடையிடையே வெள்ளை வெளேரென்று ஆகி, அந்த இடத்தில் முறிந்து விழுகின்றன. பாதி மிதவை காலியாகிவிடுகிறது. இது நோயா, தண்ணீர்ச் சூடா? என்ன செய்யலாம்?
(கடற்பாசி வளர்ப்போர், தங்கச்சிமடம்)

பதில்: இரண்டும்தான். ஆனால் முதலில் வருவது சூடு, நோய் அதன் பின்னால் வருவது. நீங்கள் சொல்வது ஐஸ்-ஐஸ் நோய். நீங்கள் வளர்க்கும் கப்பாஃபைகஸ் என்ற செம்பாசிக்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகமான தண்ணீர். 31, 32 என்று ஏறும்போது திணறத் தொடங்கும். 33 முதல் 35 வரை சில நாள் நின்றால் திசு தளர்ந்து வெளுக்கும். அப்படித் தளர்ந்த கிளையில், கடல்நீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியா பெருகி மிச்சத்தையும் கரைத்துவிடும். தெம்பான பாசியின் மேலும் அதே பாக்டீரியா உட்கார்ந்துதான் இருக்கிறது. அங்கே அதற்கு வழி கிடைப்பதில்லை. ஆகவே மருந்து தேடிப் பயனில்லை, தளர்ச்சியின் காரணத்தைத்தான் தேட வேண்டும்.

வெளுப்பு என்றாலே சூடு என்று முடிவு கட்டவும் வேண்டாம். பெருமழைக்குப் பின் மேல்மட்டத்தில் நல்ல தண்ணீர் மிதந்து, உப்பு லிட்டருக்கு 20 கிராமுக்குக் கீழே போனாலும் இதே வெளுப்பு வரும். கலங்கல் தண்ணீரில் பல நாள் வெளிச்சம் கிடைக்காவிட்டாலும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வெளுத்தால் மழையைச் சந்தேகப்படுங்கள். சித்திரை, வைகாசியில் வெளுத்தால் சூட்டை.

ஒரு சாதாரணக் கண்ணாடி வெப்பமானி போதும். பாசி தொங்கும் ஆழத்தில், கயிற்றின் பக்கத்தில் இரண்டு நிமிடம் பிடித்து அளவு பாருங்கள். விடியுமுன் ஒரு தரம், பிற்பகல் 2 மணிக்கு ஒரு தரம். பலரும் பிற்பகல் அளவைத்தான் குறித்து வைப்பார்கள். எங்கள் கணிப்பில் விடிகாலை அளவுதான் முக்கியம். பகலில் 32 தொட்டாலும் இரவில் 28-க்கு இறங்கினால் பாசி மூச்சுவிட்டுக்கொள்ளும். விடியுமுன்னே 31 காட்டினால் பாசிக்கு ஓய்வே இல்லை. அந்த வாரமே வேலையில் இறங்க வேண்டும்.

என்ன வேலை? அடியில் மணல் தெரியும் ஆழமற்ற இடத்தில் மிதவை நின்றால், நீரோட்டம் உள்ள ஆழமான பக்கத்துக்கு இழுத்து நங்கூரம் போடுங்கள். காற்றில்லாமல் கடல் குளம்போலக் கிடக்கும் நாட்களில், ஆழமற்ற தண்ணீர்தான் முதலில் காயும். ஆவியாகி உப்பும் கூடும். மிதவையை இழுக்க முடியாவிட்டால் கயிறுகளை இரண்டு மூன்று அடி தாழ்த்துங்கள். கடும் வெயிலும் குறையும், மேல்மட்டச் சூடும் சற்றுத் தணியும். அதற்கு மேல் தாழ்த்தினால் வெளிச்சம் போதாமல் வேறு வகையில் வெளுக்கும்.

வெளுத்த கிளைகளை வெளுப்புக்கு இரண்டு விரற்கடை உள்ளே, நல்ல பாகத்தோடு சேர்த்து வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்து காயப்போடுங்கள். கடலிலேயே உதறிவிட்டால் அடுத்த மிதவையில் போய்ச் சிக்கும். ஒரு மிதவையில் கால்வாசிக்கு மேல் வெளுப்பு தெரிந்தால் 45-ஆம் நாள் அறுவடைக்குக் காத்திராமல் முழுவதையும் அறுத்துவிடுவதே லாபம். முதிராத பாசிக்குத் தரம் சற்றுக் குறைவுதான், ஆனால் கடலில் உதிர்ந்து போனதற்கு யாரும் விலை தருவதில்லை.

பாசி சூட்டில் தவிக்கிறதா என்பதை வெளுக்கும் முன்பே எடைக்கணக்கு காட்டிக்கொடுக்கும். 12-க்கு 12 அடி மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதை என்றால் மொத்தம் 60 கிலோ. 45 நாளில் 240 கிலோ வந்தால் நாளுக்கு ஏறக்குறைய 3 சதவீத வளர்ச்சி. ஐந்து முடிச்சுகளில் வண்ண நூல் கட்டி, பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் உதறி எடை போட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தால் 150 கிராம் பத்தாம் நாள் 200 கிராமை எட்டும். 170-ஐத் தாண்டவில்லை என்றால், கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், ஏதோ கோளாறு தொடங்கிவிட்டது. ஓரா மீன் மேய்ந்தாலும் எடை குறையும். ஆனால் மேய்ந்த கிளையின் நுனி மொட்டையாக இருக்கும், வெளுத்திருக்காது. அதற்கு மிதவையின் அடிவலையைச் சோதியுங்கள்.

விதை கொண்டு வரும்போது நடக்கும் தவறுகளும் கணக்கில் உண்டு. தார்ப்பாய்க்குள் மூடி வேனில் ஏற்றினால் உள்ளே அவிந்துவிடும். குளிரட்டும் என்று மீன்போல ஐஸ் போடுவது அதைவிட மோசம். இது வெப்பக்கடல் பாசி, 20 டிகிரிக்குக் கீழேயே தேங்கிப் போகும். கடல்நீரில் நனைத்த சாக்கு, நிழல், விடியற்காலைப் பயணம் – இவ்வளவு போதும்.

கேள்வி: எங்கள் கஞ்சிப்பாசி கோடையில் மஞ்சளாகிறது. இதுவும் ஐஸ்-ஐஸா?
(முனைக்காடு)

பதில்: பெரும்பாலும் இல்லை. கிளை முழுவதும் ஒரே சீராக வெளிறி, கையில் விறைப்பாக இருந்தால் அது நைட்ரஜன் பசியும் அதிக வெயிலும். கஞ்சிப்பாசி போன்ற செம்பாசிகள் தங்கள் சிவப்பு நிறமியை ஒரு சேமிப்பாகவும் வைத்துக்கொள்கின்றன. உரச்சத்து குறைந்தால் அந்த நிறமியைக் கரைத்துத் தின்னும். சிறிது ஆழத்துக்கு இறக்கி, நீரோட்டம் படும்படி வைத்தால் நிறம் திரும்பக்கூடும். துண்டு துண்டாக வெளுத்து, அழுத்தினால் கொழகொழப்பாக இருந்தால் மட்டுமே மேலே சொன்ன பதில்.

கேள்வி: மீன்கூடக் குளிர்ந்த இடம் தேடி நீந்திப் போய்விடும். பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாசி என்னதான் செய்ய முடியும்? உள்ளே என்ன மாறுகிறது?
(பதினொன்றாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி)

பதில்: நல்ல கேள்வி. பாசியின் உடல் வெப்பம் என்பது சுற்றியுள்ள தண்ணீரின் வெப்பமே. அதை மாற்ற முடியாது. ஆகையால் அது தன் உடலின் பொருள்களை மாற்றுகிறது.

முதலாவது, செல்லின் சவ்வு. அது கொழுப்பால் ஆனது. நெய் மார்கழியில் உறைவதும் நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதும் ஏனென்று உங்கள் வேதியியல் பாடத்தில் இருக்கும்: நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். பாசியும் இந்த வித்தியாசத்தைத்தான் பயன்படுத்துகிறது. தண்ணீர் குளிர்ந்தால் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டும். சவ்வு இறுகாமல் இளக்கமாக இருக்கும். சூடேறினால் நிறைவுற்றவற்றைக் கூட்டும். சவ்வு ஒழுகிப் போகாது. குளிர்கடல் பாசிகளில் நிறைவுறாக் கொழுப்பு அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, ஒளிச்சேர்க்கை. இங்கேதான் விஷயம் சுவையானது. வெளிச்சத்தைப் பிடிக்கும் வேலைக்குக் குளிர், சூடு என்ற பேதம் கிடையாது. நிறமி எந்த வெப்பத்திலும் ஒளியை உறிஞ்சும். ஆனால் பிடித்த ஆற்றலைக் கொண்டு சர்க்கரை செய்யும் நொதிகள் குளிரில் மந்தமாகும். வரவு அதே அளவு, செலவழிக்கக் கை இல்லை. மிஞ்சிய ஆற்றல் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளாக மாறிச் செல்லையே சிதைக்கும். இதற்குப் பாசி இரண்டு பக்கமும் சரிசெய்கிறது: குளிரில் ஒளிபிடிக்கும் நிறமியைக் குறைத்து, ரூபிஸ்கோ போன்ற நொதிகளைக் கூடுதலாகச் செய்கிறது. வட அட்லாண்டிக்கின் சர்க்கரைக் கெல்ப் என்ற பெரிய பழுப்புப்பாசி இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம். 5 டிகிரியில் வளர்த்ததையும் 15 டிகிரியில் வளர்த்ததையும் அதனதன் வெப்பத்தில் அளந்தால் ஒளிச்சேர்க்கை வேகம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். 15-இல் வளர்ந்ததைத் திடீரென்று 5-இல் போட்டால் அப்படி இருக்காது. மாற்றியமைக்க நாட்கள் வேண்டும், சிலவற்றுக்கு வாரங்கள்.

மூன்றாவது, அவசரகால வேலை. சூடேறினால் புரதங்கள் மடிப்புக் கலைந்து முறுக்கிக்கொள்ளும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று ஒரு கூட்டம் உடனே உற்பத்தியாகிக் கலைந்தவற்றைத் திரும்ப மடித்து வைக்கும். இது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். ஆனால் செலவு பிடித்த வேலை. வளர்ச்சிக்கு வைத்திருந்த சர்க்கரை இங்கே போய்விடும்.

சுவாசம் என்ற செலவும் இருக்கிறது. 10 டிகிரி ஏறினால் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒளிச்சேர்க்கை ஒரு கட்டம் வரைதான் கூடவே ஏறும், பிறகு சரியும். எனவே சூடான தண்ணீரில் உயிர்வாழவே பாசிக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். தெளிந்த கடலில் 31 டிகிரியைத் தாங்கும் பாசி, கலங்கல் கடலில் அதே 31-இல் பட்டினியால் மெலிவது இதனால்தான்.

கேள்வி: கெல்ப் போன்ற குளிர்நாட்டுப் பாசிகளுக்கு நல்ல சந்தை என்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குப் பழக்கி மன்னார் வளைகுடாவில் வளர்க்க முடியாதா?
(ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: முடியாது. பழக்கம் வேறு, பரம்பரை வேறு. முந்தைய பதிலில் சொன்ன மாற்றங்கள் எல்லாம் ஒரு வரம்புக்குள் நடப்பவை. அந்த வரம்பைத் தலைமுறைகள்தான் நகர்த்தும். சர்க்கரைக் கெல்ப் 10 முதல் 15 வரை செழிக்கும், 23 டிகிரியில் ஓரிரு வாரத்தில் மடியும். நம் கடலின் மார்கழித் தண்ணீரே 25-ஐ ஒட்டி இருக்கும். அண்டார்டிக்காவின் சில பாசிகள் 15 டிகிரியை எட்டும் முன்பே இறந்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மாறாத குளிரில் இருந்தவை, சூட்டைத் தாங்கும் ஏற்பாட்டை வைத்துக்கொள்ள அவற்றுக்குத் தேவையே வரவில்லை. எதிர்ப்பக்கம் பாருங்கள்: அலையேறி இறங்கும் பாறையில் வாழும் உல்வா என்ற பச்சைப்பாசிப் பேரினத்தைத் துருவக்கடலிலும் காணலாம், ராமேசுவரத்திலும் காணலாம். ஆனால் துருவத்து உல்வாவைக் கொண்டுவந்து இங்கே போட்டால் அது நம்மூர் உல்வாபோல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வெளியூர்ப் பாசி பிழைத்துக்கொண்டாலும் கவலைதான். காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா வெப்பக்கடல் பாசி, 20 டிகிரிக்குக் கீழே தாங்காது என்று நினைத்திருந்தார்கள். மீன்தொட்டிகளில் வளர்க்கப்பட்ட ஒரு வகை, 1984-இல் மொனாக்கோ கடலருங்காட்சியகத்தின் கீழே ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்டது. அந்த வகை 10 டிகிரி வரை குளிரைத் தாங்கியது; மத்தியதரைக் கடலின் பல பகுதிகளில் படர்ந்துவிட்டது. நம் கப்பாஃபைகஸும் பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்ததுதான். அது இங்கே வளர்வதற்குக் காரணம் பழக்கம் அல்ல, அந்தக் கடலும் நம் கடலைப் போலவே சூடாக இருப்பது. குருசடைத்தீவில் பவளத்தின் மேல் அது படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். புதுப் பாசி கொண்டுவர நினைப்பவர்கள் இரண்டு பக்கத்தையும் எண்ண வேண்டும்.

கேள்வி: நோரித் தாள் செய்யும் பாசியை ஜப்பானில் குளிர்காலத்தில் மட்டும் அறுவடை செய்கிறார்களே, கோடையில் அது எங்கே போகிறது?
(சென்னை)

பதில்: சிப்பி ஓட்டுக்குள். விளையாட்டல்ல. பைரோப்பியா என்ற அந்தச் செம்பாசி, தண்ணீர் சூடாகும்போது இலை வடிவத்தைக் கைவிட்டு, சிப்பி ஓட்டுக்குள் துளைத்து வாழும் நுண்ணிய இழையாகிவிடும். இந்த இழையைத் தனிப் பாசி என்றே எண்ணியிருந்தார்கள்; இரண்டும் ஒன்றே என்று 1949-இல் பிரிட்டனின் கேத்லின் ட்ரூ-பேக்கர் காட்டினார். அதுவரை ஜப்பானிய வளர்ப்பாளர்களுக்கு விதை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இப்போது தொட்டிகளில் சிப்பி ஓடுகளில் இழையை வளர்த்து, இலையுதிர் காலத்தில் கடல் 23 டிகிரியளவுக்கு இறங்கும்போது வலைகளில் விதையேற்றுகிறார்கள். தண்ணீர் குளிர்வதுதான் விதைத்தூளை (ஸ்போர்களை) வெளிவிடச் சைகை. கடல் குளிரத் தாமதமானால் விதைப்பும் தாமதம், அறுவடைக் காலம் சுருங்கும்.

இன்னொரு நுட்பம்: சிறு நாற்று வளர்ந்த வலைகளை அரைகுறையாக உலர்த்தி, சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரியில் உறைய வைத்துச் சேமிப்பார்கள். முதல் வலை கெட்டால் இதை எடுத்துக் கடலில் விடலாம். ஈரத்தோடு உறைய வைத்தால் செல்லுக்குள் பனிப்படிகம் வளர்ந்து கிழித்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே உலர்த்துவது. அலையிறக்கத்தில் காய்ந்து கிடக்கப் பழகிய பாசி என்பதால் இது தாங்குகிறது. கப்பாஃபைகஸுக்கு இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஒரு பாசியின் வெப்பத் தாங்குதிறனைக் கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். முறை என்ன?
(முதுநிலை மாணவர், திருநெல்வேலி)

பதில்: ஒட்டுப்பாசி இல்லாத இளம் நுனிகளை 3 சென்டிமீட்டர் அளவில் வெட்டுங்கள். வெட்டியவுடன் சோதனையைத் தொடங்காமல் 27 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெட்டுக்காயம் ஆறாமல் எடுத்த அளவு காயத்தின் அளவே. வடிகட்டிய கடல்நீர் ஒரு லிட்டருக்கு அரை கிராம் பாசி, பிஇஎஸ் (பாசி வளர்ப்புக்கான ப்ரோவசோலி) ஊட்டக்கரைசல் 10 முதல் 20 மில்லி. டயாட்டம் என்ற நுண்பாசியின் தொல்லைக்கு ஜெர்மானியம் டை ஆக்சைடு சிறிதளவு சேர்ப்பார்கள். பழுப்புப்பாசிக்கு அது ஆகாது, சேர்க்காதீர்கள். 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு.

24, 27, 30, 32, 34, 36 என்று ஆறு நிலைகள். 27-இலிருந்து நாளுக்கு ஒரு டிகிரி வீதம் நகர்த்துங்கள். ஒரே நாளில் 36-க்குத் தூக்கினால் நீங்கள் அளப்பது அதிர்ச்சியைத் தாங்கும் திறன், வெப்பத்தைத் தாங்கும் திறன் அல்ல. குறித்த வெப்பத்தில் இரண்டு வாரம். அதன்பின் எல்லாவற்றையும் 27-க்குத் திருப்பி இன்னும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். இந்தக் கடைசி வாரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செத்த செம்பாசி பல நாள் சிவப்பாகவே இருக்கும், திரும்ப வளர்கிறதா என்று பார்த்தால்தான் உயிர் உண்டா என்பது தெரியும்.

வளர்ச்சி வீதத்துக்குக் கடைசி எடையை முதல் எடையால் வகுத்து, அதன் இயல் மடக்கையை நாட்களால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். எடை போடும் முன் ஒரே அழுத்தத்தில், ஒரே நேரம் ஒற்றித் துடையுங்கள். பிழைகளில் பாதி இங்கேதான் நுழையும். ஒளிர்வுமானி இருந்தால் 15 நிமிடம் இருட்டில் வைத்து ஒளிச்சேர்க்கைத் திறனை (Fv/Fm) அளவெடுக்கலாம். நல்ல பழுப்புப்பாசி 0.7-க்கு மேல் காட்டும். செம்பாசி நன்றாக இருந்தாலும் 0.5, 0.6 என்றுதான் காட்டும். இரண்டையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடாதீர்கள்.

வேறு இடறல்கள்: விளக்கின் சூடு குடுவைக்குள் ஓரிரு டிகிரி ஏற்றிவிடும், ஆகவே அறையின் வெப்பத்தை அல்ல, குடுவைக்குள் இருக்கும் நீரின் வெப்பத்தைக் குறியுங்கள். 34, 36-இல் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள், கடல்நீரை ஊற்றினால் உப்பு மேலும் கூடும். காற்று விடாத குடுவையில் கரியமில வாயு தீர்ந்து பிஎச் ஏறும், வளர்ச்சி நிற்கும், பழி வெப்பத்தின் மேல் விழும். ஒரே நீர்த்தொட்டியில் வைத்த நான்கு குடுவைகள் கணக்கில் நான்கு தனிச் சோதனைகள் ஆகாது என்பதையும் உங்கள் வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடல் வெப்ப அலையால் கெல்ப் காடுகள் அழிந்தன என்று படிக்கிறோம். இரண்டு மூன்று டிகிரிக்கா இவ்வளவு? பிழைத்த பாசியை விதையாக எடுத்தால் சூடு தாங்கும் வகை கிடைக்காதா?
(மண்டபம்)

பதில்: வரம்பின் விளிம்பில் இருப்பதற்கு இரண்டு டிகிரி அதிகம். 2011 தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியக் கடல் வழக்கத்தைவிட 2 முதல் 4 டிகிரி சூடேறியது. கெல்ப் தன் வட எல்லையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கியது. கடல் தணிந்த பிறகும் காடு திரும்பவில்லை. சூட்டோடு வடக்கிலிருந்து வந்த ஓரா, கிளி மீன்கள் முளைக்கும் குருத்தை மேய்ந்துகொண்டே இருந்தன. கலிபோர்னியாவில் கதை வேறு. அங்கே மேல்மட்டம் சூடானால் ஆழத்துக் குளிர்நீர் மேலே வராது. 16 டிகிரிக்கு மேல் தண்ணீரில் நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். 2014-க்குப் பிந்தைய வெப்ப அலையில் வட கலிபோர்னியாவின் கெல்ப் 90 சதவீதத்துக்கு மேல் போனதற்கு அந்தப் பசியோடு, நட்சத்திரமீன்கள் நோயில் மடிய, அவை தின்னும் கடல்முள்ளெலிகள் பெருகியதும் காரணம்.

பிழைத்ததை விதையாக்கும் யோசனை டாஸ்மேனியாவில் நடக்கிறது. அங்கே மிச்சமிருக்கும் ராட்சதக் கெல்ப்புகளிலிருந்து விதைத்தூள் எடுத்து, சூட்டில் வளர்த்துத் தாங்குபவற்றைத் தேர்ந்து கடலில் நடுகிறார்கள். விதைத்தூளில் ஒவ்வொன்றும் வேறு வேறு மரபு என்பதால் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. உங்கள் மிதவையில் இருப்பது வெட்டி வெட்டிக் கட்டிய ஒரே செடியின் துண்டுகள். கோடையில் பிழைத்த முடிச்சும் செத்த முடிச்சும் பெரும்பாலும் ஒரே மரபுதான். பிழைத்தது சற்று ஆழத்திலோ நீரோட்டத்திலோ இருந்திருக்கும். அதை விதையாக எடுப்பது நல்லதே, தெம்பான விதை என்பதற்காக. ஆனால் அடுத்த சித்திரையில் அதுவும் 33-இல் வெளுக்கும் என்று வைத்தே மிதவையை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.